வீழ்ந்த வீரர்களுக்கு ஆராதனையில் இடம் உண்டா? (விவாத இழை)

வாசகர் கேள்வி: நவம்பர் 1

எங்கள் சபையில் வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, போரில் உயிர்நீத்த வீரர்களுக்காக இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கவும், அவர்களுடைய பெயர்களை வாசிக்கவும், யோவான் 15:13-ஐ வைத்துப் பிரசங்கம் செய்யவும் குழு தீர்மானித்திருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆராதனை தேவனுக்கு உரியது. அங்கே மனிதரைக் கனப்படுத்துவது எப்படித் தகும்? இறந்தவர்களில் விசுவாசிகள் யார், அவிசுவாசிகள் யார் என்பது ஒருவருக்கும் தெரியாது. கிறிஸ்து தம் மரணத்தைக் குறித்துச் சொன்ன வசனத்தை ஆயுதம் ஏந்தியவருக்குச் சூட்டலாமா? வேதத்திலிருந்து பதில் வேண்டும். உணர்ச்சியிலிருந்து வேண்டாம்.

நவம்பர் 1, இரவு

யோவான் 15:13 குறித்து நீங்கள் சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆராதனையில் வீரர்களுக்கு இடமில்லை என்பதை ஏற்கவில்லை.

2 சாமுவேல் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கில்போவா மலையில் சவுலும் யோனத்தானும் மடிந்த செய்தி கேட்டுத் தாவீது பாடிய புலம்பல், 19-ஆம் வசனம் முதல் 27-ஆம் வசனம் வரை, முழுவதும் அங்கே இருக்கிறது. அந்தப் பாடலில் தேவனுடைய நாமம் ஓரிடத்திலும் வரவில்லை. சவுல் நற்கதி அடைந்தான் என்றோ, அந்தப் போர் நீதியான போர் என்றோ, தோல்விக்கு இன்ன பாவம் காரணம் என்றோ தாவீது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தன்னைக் கொல்வதற்காக வனாந்தரமெல்லாம் தேடி அலைந்த ஒருவனைப் பற்றியே பாடுகிறான். அந்தக் கசப்பின் நிழல்கூடப் பாடலில் விழவில்லை. பராக்கிரமசாலிகள் விழுந்துபோனார்கள் என்று மூன்று முறை சொல்லி அழுகிறான். அவர்களுடைய வேகத்தையும் பலத்தையும் நினைத்துப் பார்க்கிறான். சவுலால் நன்றாக உடுத்தி வாழ்ந்த பெண்களை, அவனுக்காக அழுங்கள் என்று கேட்டுக்கொள்கிறான். இத்தனைக்கும் சவுலின் உள்ளநிலையைப் பற்றித் தாவீதுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இறந்த வீரனுக்காக அழுவதற்கு முன் அவனுடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்கும் வழக்கம் வேதத்தில் இல்லை என்பதற்கு எனக்கு இது போதும்.

நவம்பர் 2, காலை

"அது பழைய ஏற்பாடு" என்று ஒரு சகோதரர் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சங்கீதங்களும் பழைய ஏற்பாடுதான், சகோதரரே.

நவம்பர் 2, இரவு

ஒரே வரிக்கு ஒரே வரியில் பதில் சொல்லியது போதாது என்று தோன்றுவதால் புதிய ஏற்பாட்டுக்கும் வருகிறேன். யோவான் ஸ்நானனிடம் வந்த போர்ச்சேவகருக்குக் கிடைத்த கட்டளை, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்பதே (லூக்கா 3:14). கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதியின் விசுவாசத்தைக் கண்டு இயேசு ஆச்சரியப்பட்டார். கொர்நேலியு பரிசுத்த ஆவியைப் பெற்றார். பட்டாளத்தை விட்டு வா என்று இவர்களில் ஒருவருக்கும் சொல்லப்பட்டதாக எழுதப்படவில்லை. பட்டாளத்திலேயே இரு என்று சொல்லப்பட்டதாகவும் எழுதப்படவில்லை. இந்த மௌனத்தை ஒவ்வொருவரும் தத்தம் கொள்கைக்கு ஏற்ப நிரப்பிக்கொள்கிறோம்.

ஆதித் திருச்சபை அதை எப்படி நிரப்பியது என்று பார்த்தால் உங்கள் தயக்கத்துக்குப் பழமையான துணை கிடைக்கும். கெத்செமனேயில் பேதுருவின் பட்டயத்தை வாங்கிக்கொண்டபோதே கர்த்தர் எல்லாப் போர்ச்சேவகருடைய வாள்கச்சையையும் அவிழ்த்துவிட்டார் என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். 295-இல் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்ஸாவில் மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞர், நான் கிறிஸ்தவன், படையில் சேர முடியாது என்று மறுத்ததற்காகத் தலை வெட்டப்பட்டார். அவருடைய தந்தையே ஒரு முன்னாள் படைவீரர். திருச்சபை அந்த மகனைப் புனிதர் பட்டியலில் வைத்திருக்கிறது. பிற்காலத்தில் அதே பட்டியலில் படைவீரரான புனிதர்களையும் சேர்த்தது. அந்தப் பட்டியலையே ஒரு நீண்ட விவாத இழை என்று சொல்லலாம்.

நவம்பர் 3

இனி அந்த வசனம். "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை." முதல் உலகப்போருக்குப் பின் எழுந்த நினைவுச்சின்னங்களில் இந்த வசனம் செதுக்கப்பட்ட கற்கள் ஏராளம்.

என் அண்ணன் படையில் இருந்து இறந்தவர். அடக்க ஆராதனையில் இந்த வசனத்தின்மீதே பிரசங்கம் நடந்தது. பிரசங்கியார் நல்லவர், எங்கள் குடும்பத்தைத் தேற்றவே அதைத் தேர்ந்தெடுத்தார். வீட்டுக்கு வந்தபின் என் தாயார் சொன்ன வார்த்தை வேறு: "அவன் உயிரைக் கொடுக்கவில்லை, அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்." அண்ணன் சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்தார். தங்கைகளின் திருமணம் இருந்தது, கடன் இருந்தது. வேலையை விரும்பிச் செய்தார், நன்றாகவும் செய்தார். உறங்கிக்கொண்டிருந்த இடத்தில் குண்டு விழுந்து இறந்தார். இதில் எந்தக் கட்டத்தில் அவர் தம் ஜீவனைக் கொடுத்தார் என்று அந்த வசனத்தை வைத்துச் சொல்ல வேண்டுமானால், நடந்ததைக் கொஞ்சம் திருத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும். தாயார் அந்தத் திருத்தத்தை ஏற்க மறுத்தார். அவருடைய மறுப்பில் விசுவாசக் குறைவு இருந்ததாக நான் நினைக்கவில்லை. மகன் எப்படி இறந்தான் என்பதை உள்ளபடியே தேவனுக்கு முன் வைக்க விரும்பினார்.

இயேசு அந்த வார்த்தையைச் சொன்ன இடம் இராப்போஜன அறை. எதிரே இருந்தவர்கள் மறுநாள் பொழுது விடிவதற்குள் அவரை விட்டு ஓடப்போகிறவர்கள். கிறிஸ்து மரித்தது நாம் பாவிகளாக இருக்கையில் என்று பவுல் சொல்லி (ரோமர் 5:8), இரண்டு வசனங்கள் தாண்டிச் சத்துருக்கள் என்றும் சொல்லிவிடுகிறார். சத்துருவுக்காக மரிப்பதும் சத்துருவோடு போரிட்டு மரிப்பதும் ஒன்றாக முடியாது.

நவம்பர் 3, சற்றுப் பின்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, சக வீரர்கள்மீது விழ இருந்த கையெறிகுண்டின்மேல் தாமே விழுந்து இறந்தவரை என்ன சொல்வீர்கள் என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. காயப்பட்டவனைத் தூக்கிவரத் திரும்பிப் போய் இறந்தவர், மற்றவர்கள் பின்வாங்கும்வரை தனியே நின்று தடுத்தவர் ஆகியோருக்கு அந்த வசனத்தை நான் மறுக்கமாட்டேன். அவர்களிடத்தில் காணப்பட்ட அன்பு எங்கிருந்து வந்ததோ அந்த ஊற்றைச் சுட்டிக்காட்டவே அந்த வசனம் உதவும். எல்லாருக்கும் பொதுவாகக் கல்லில் வெட்டி மாட்டும்போதுதான் அது பொய்யாகத் தொடங்குகிறது. ஆகவே என் கருத்தைச் சற்று இளக்கிக்கொள்கிறேன்: வசனத்தை விலக்க வேண்டாம், யாருக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நவம்பர் 4

விசுவாசி யார் என்று தெரியாதே என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

டேவிட் ரெயில்டன் என்ற படைக் குருவானவர் 1916-இல் பிரான்சின் ஆர்மான்தியேர் அருகே ஒரு தோட்டத்தில் ஒரு கல்லறையைக் கண்டார். சிறு மரச்சிலுவை; அதில் அடையாளம் தெரியாத ஒரு பிரிட்டிஷ் வீரர் என்று பென்சிலால் எழுதியிருந்தது. போர் முடிந்தபின் 1920-இல் அவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தலைமைக் குருவுக்குக் கடிதம் எழுத, அவ்வாண்டு நவம்பர் 11 அன்று பெயர் தெரியாத ஒரு வீரரின் உடல் அங்கே, அரசர்களுக்கு நடுவே, அடக்கம் செய்யப்பட்டது. அதே நாளில் பாரிஸிலும் பெயர் தெரியாத ஒருவர் வெற்றி வளைவின்கீழ் வைக்கப்பட்டார்.

வெஸ்ட்மின்ஸ்டர் கல்லில் வெட்டியுள்ள வாசகங்களில் ஒன்று 2 நாளாகமம் 24:16-இலிருந்து எடுத்தது. தேவனுக்கும் அவருடைய ஆலயத்துக்கும் நன்மை செய்தபடியால் அவனை ராஜாக்களண்டையில் அடக்கம் பண்ணினார்கள் என்பது அதன் பொருள். மூலத்தில் அது யோய்தா என்ற பிரதான ஆசாரியனைப் பற்றியது. நூற்றிமுப்பது வயதுவரை வாழ்ந்து, ஒரு ராஜ்யத்தின் வழிபாட்டையே சீர்திருத்தியவரைப் பற்றிய வாக்கியத்தை, எந்த மதத்தவர், என்ன செய்தவர் என்று ஒன்றும் தெரியாத ஒருவர்மேல் வைத்தார்கள். இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. ஆனால் அதே கல்லின் ஓரத்தில், கர்த்தர் தம்முடையவர்களை அறிவார் என்ற 2 தீமோத்தேயு 2:19-உம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அந்த ஓரத்து வரி பதில். அறிவது அவருடைய வேலை என்று ஒப்புக்கொண்டால், அடக்கம் செய்வதும் அழுவதும் நம்முடைய வேலையாக எஞ்சி நிற்கின்றன. போர்க் கல்லறைகளில் அடையாளம் தெரியாதவர்களின் கற்களில் தேவனுக்குத் தெரிந்தவர் என்ற பொருளில் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கும். அதைத் தேர்ந்து கொடுத்தவர் எழுத்தாளர் கிப்ளிங். 1915-இல் லூஸ் போரில் மறைந்த அவருடைய மகனின் உடல் அவர் வாழ்நாளில் அடையாளம் காணப்படவில்லை.

நவம்பர் 5

வீரர்களை இரத்தசாட்சிகள் (விசுவாசத்துக்காக உயிர்நீத்தவர்கள்) என்று அழைக்கலாமே, அதில் என்ன தவறு என்று இன்னொருவர். இந்தக் கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டு, பதிலும் சொல்லப்பட்டுவிட்டது. 963 முதல் 969 வரை கான்ஸ்டான்டிநோபிளில் ஆண்ட பேரரசர் நிக்கெபோரஸ் போக்காஸ் தாமே பெரும் படைத்தளபதி. போரில் வீழும் வீரர்களை இரத்தசாட்சிகளாக அறிவிக்குமாறு அவர் திருச்சபையைக் கேட்டார். திருச்சபைத் தலைவரான குலமுதல்வர் பொலியெவ்க்தஸ் மறுத்துவிட்டார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம் நான்காம் நூற்றாண்டில் பெரிய பசிலியார் எழுதிய 13-ஆம் நியதி. போரில் கொல்வதை நம் முன்னோர் கொலையாகக் கணக்கிடவில்லை. ஆயினும் கொன்ற வீரருடைய கைகள் தூய்மையாக இல்லாதபடியால் மூன்று ஆண்டுகள் திருவிருந்திலிருந்து விலகியிருக்கும்படி ஆலோசனை சொல்வது நல்லதாக இருக்கலாம் என்கிறது அது.

பசிலியாரின் வாக்கியத்தில் உள்ள தயக்கம்தான் எனக்குப் பிடித்தது. கொலைகாரன் என்று சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் நேராகப் பீடத்துக்கு வா என்றும் சொல்லவில்லை. போருக்குப் போய்வந்தவருக்கு உள்ளே ஏதோ நடந்திருக்கிறது, அதற்குக் காலம் தேவைப்படும் என்று ஒரு மேய்ப்பர் அறிந்திருக்கிறார். அண்ணனோடு பணிபுரிந்த ஒருவர் திரும்பிவந்தபின் நீண்டகாலம் நற்கருணை வாங்காமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை விலக்கவில்லை, அவரே விலகியிருந்தார். எங்கள் சபை அவரைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தியது. அவருக்கு வேண்டியது அதுவாக இருக்கவில்லை.

நவம்பர் 5, இரவு

"மூன்று ஆண்டு விலக்கு இன்று நடைமுறைக்கு ஒத்துவருமா?" சபைத் தேர்தலில் தோற்ற கோபத்தில் அதைவிட நீண்டகாலம் ஆலயத்துப் பக்கமே வராதவர்களை எனக்குத் தெரியும். பசிலியார் அவர்களுக்கு நியதி எழுதவில்லை.

நவம்பர் 6

இறந்தோருக்காக ஜெபிக்கலாமா என்ற கேள்வி எதிர்பார்த்தபடியே வந்துவிட்டது, எதிர்பார்த்த சூட்டோடும். கத்தோலிக்க வாசகர் ஒருவர் மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டியிருக்கிறார். சீர்திருத்தச் சபைகள் அந்நூலை விசுவாசப் போதனைக்கு ஆதாரமாக ஏற்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அந்தச் சண்டையை இங்கே தீர்க்க முடியாது. ஆனால் எந்தப் பக்கத்தில் நின்றாலும் அந்த நிகழ்ச்சியைப் படித்துப் பாருங்கள். யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே வீழ்ந்த தம் வீரர்களை அடக்கம் செய்யப் போகிறார். அவர்களுடைய உள்ளாடைகளுக்குள் யாம்னியா ஊரின் விக்கிரகச் சின்னங்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. தேவனுக்காகப் போரிட்டவர்கள் தாயத்துக் கட்டிக்கொண்டு போரிட்டிருக்கிறார்கள்! யூதா அதை மூடிமறைக்கவில்லை, உடல்களை அப்படியே விட்டுவிட்டும் போகவில்லை. வெள்ளி திரட்டிப் பாவநிவாரண பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார்.

வீழ்ந்தவர்கள் பாவிகளாகவே நினைக்கப்படுகிறார்கள், பாவிகளாகவே நேசிக்கப்படுகிறார்கள். நான் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவன். இறந்தோருக்காக விண்ணப்பம் செய்வதில்லை. அவர்களைத் தேவனுடைய இரக்கத்துக்கு ஒப்புவிக்கிறோம் என்று சொல்கிறேன். இரண்டுக்கும் உள்ள இடைவெளி என் தாயார் ஜெபிப்பதைக் கேட்டபோதெல்லாம் எனக்குச் சுருங்கிக்கொண்டே வந்தது. முதல் உலகப்போரின் சாவுகள் இங்கிலாந்துத் திருச்சபையையே 1917-இல் இறந்தோருக்கான ஜெபங்களைப் பொது ஆராதனையில் அனுமதிக்கச் செய்தன. இறையியல் விவாதம் மூன்று நூற்றாண்டுகளில் நகர்த்தாததைத் தாய்மார்கள் மூன்று ஆண்டுகளில் நகர்த்தினார்கள்.

நவம்பர் 7

பெயர்களை வாசிப்பது பற்றி. வேதத்தில் இதற்கு நேரான முன்மாதிரி இருக்கிறது, அதுவும் நாம் எதிர்பாராத விதத்தில்.

2 சாமுவேல் 23-ஆம் அதிகாரம் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல். பெத்லகேம் வாசலின் கிணற்றுத் தண்ணீருக்குத் தாவீது ஏங்கியபோது மூவர் பெலிஸ்தரின் பாளயத்தைத் துணிந்து கடந்து கொண்டுவந்தார்கள். அவன் அதைக் குடிக்காமல் கர்த்தருக்கு என்று ஊற்றிவிட்டான். அவர்களுடைய பிராணனின் விலை அது, நான் குடிக்கமாட்டேன் என்றான். ஒரு தலைவன் தன் வீரரைக் கனப்படுத்திய செயல்களில் இதைவிட உயர்ந்த ஒன்றை நான் படித்ததில்லை. அவர்களுடைய துணிச்சலைத் தன் தாகத்துக்கோ தன் பெருமைக்கோ பயன்படுத்திக்கொள்ள அவன் மறுத்துவிட்டான். போர் நினைவு நாளில் மேடையேறும் ஒவ்வொரு பேச்சாளரும் பேசுவதற்கு முன் அந்த வசனங்களைப் படித்தால் நல்லது. வீரருடைய இரத்தத்தைத் தங்கள் அரசியல் தாகத்துக்குக் குடிப்பவர்களே அங்கு அதிகம்.

பட்டியல் அதோடு நிற்பதில்லை. பெயர் பெயராகப் போய், கடைசியில் வருவது: ஏத்தியனாகிய உரியா, ஆக முப்பத்தேழு பேர். யார் இந்த உரியா? அவனுடைய மனைவியை எடுத்துக்கொண்ட அதே தாவீது, மும்முரமான போர்முகத்தில் அவனை நிறுத்திப் பின்வாங்குங்கள் என்று கடிதம் எழுதி, அந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினானே, அவன். உடன்படிக்கைப் பெட்டியும் படையும் கூடாரத்தில் இருக்க நான் வீட்டுக்குப் போய்ப் படுப்பேனா என்று கேட்டவன். செய்தி வந்தபோது தாவீது தன் தளபதி யோவாபுக்குச் சொல்லியனுப்பிய ஆறுதல், பட்டயம் ஒருவனையும் பட்சிக்கும், வேறொருவனையும் பட்சிக்கும், மனம் தளராதே என்பது. தலைமையகங்களிலிருந்து இன்றும் இதே தொனியில் கடிதங்கள் வருகின்றன. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது.

கனத்தின் பட்டியலைத் தொகுத்தவருக்கு அந்தப் பெயரை விட்டுவிடுவது எளிதாக இருந்திருக்கும். ராஜாவின் புகழைப் பாடும் அதிகாரம் அது. அவர் விடவில்லை; கடைசியில், எல்லாரும் நின்று பார்க்கும் இடத்தில் வைத்தார். பெயர் வாசிப்பதை நான் ஆதரிப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு வீரனின் பெயரை உண்மையோடு வாசித்தால், அவனை அனுப்பியவர்களும் அந்த வாசிப்பில் விசாரிக்கப்படுகிறார்கள். அன்று உரியாவோடு வேறு சில சேவகரும் மடிந்ததாக 11:17 சொல்கிறது. ஒரு மனிதனைக் கொல்லும் திட்டத்துக்கு மேலதிகச் செலவாகப் போனவர்கள். அவர்களுடைய பெயர்கள் எங்கும் இல்லை.

நவம்பர் 8

மௌனம் வேதத்துக்குப் புறம்பானது, உலகத்தாரின் சடங்கு என்கிறார் ஒருவர். இரண்டு நிமிட மௌனம் 1919 நவம்பர் 11 அன்று பிரிட்டிஷ் அரசரின் வேண்டுகோளால் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் யோபுவின் நண்பர்கள் மூவரும் இரவுபகல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. பேச ஆரம்பித்தபின் முப்பது அதிகாரங்களுக்கு மேல் வீணாயிற்று. (அவர்களுக்குப்பின் பேசிய எலிகூவின் ஆதரவாளர்கள் மன்னிக்கவும்.)

நாளைக்கு மௌனம் இருக்கட்டும், ஐயா. பிரசங்கத்தைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள்.

நவம்பர் 9, மாலை

கேள்வி கேட்டவர் ஆராதனை முடிந்து எழுதியிருக்கிறார். பெயர்கள் வாசிக்கப்பட்டன, மௌனம் இருந்தது, பிரசங்கம் சுருங்கவில்லை. எதிரி நாட்டு வீரர்களுக்காகவும் ஜெபிக்கலாமா என்று அவர் குழுவில் கேட்டதற்குச் சிலர் எழுந்து வெளியே போய்விட்டார்களாம். கேள்வி தொடங்கியபோது இவர் நின்ற இடத்தையும் இப்போது கேட்பதையும் பார்த்து மகிழ்கிறேன்.

1982 ஜூலை 26 அன்று, ஃபாக்லாந்து போர் முடிந்தபின், லண்டன் புனித பவுல் பேராலயத்தில் நடந்த ஆராதனையில் கான்டர்பரிப் பேராயர் ராபர்ட் ரன்சி அர்ஜென்டீனத் தரப்பில் இறந்தவர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் நினைவுகூர்ந்தார். வெற்றி விழாவை எதிர்பார்த்திருந்த அரசியல்வாதிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ரன்சி போரை அறியாத மென்மையானவர் என்று அவரைச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப்போரில் பீரங்கி வண்டிப் படையில் போரிட்டு வீரப்பதக்கம் பெற்றவர். எதிரியைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு எதிரிக்காக ஜெபிப்பது சுலபமாக வருகிறது என்பது நானும் கவனித்ததே. அண்ணனின் நண்பர்கள் எதிர்த்தரப்பு வீரர்களைத் திட்டி நான் கேட்டதில்லை. வீட்டில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த நாங்கள்தான் திட்டினோம்.

நவம்பர் 11

இன்று 1918-இன் போர்நிறுத்த நாள். திருச்சபை நாட்காட்டியில் இன்று தூர் நகரத்து மார்ட்டின் நாளும் ஆகும். 397 நவம்பர் 11 அன்று அவர் அடக்கம் செய்யப்பட்டார். படைவீரரின் மகன், தாமும் படைவீரர். ஆமியான் நகர வாயிலில் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிக் குளிரில் நடுங்கிய ஏழைக்குப் பாதி கொடுத்தவர். பின்னர் ஒரு போருக்கு முந்தின நாள், நான் கிறிஸ்துவின் படைவீரன், போரிட எனக்கு அனுமதியில்லை என்று சீசரிடம் சொன்னார். கோழை என்று பழித்தபோது, ஆயுதமின்றி முன்வரிசையில் நிற்கிறேன் என்றார். மறுநாள் எதிரிகள் சமாதானம் கேட்டு வந்துவிட்டதாக அவருடைய வரலாறு சொல்கிறது.

இந்த நாளைத் திட்டமிட்டு யாரும் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் வீழ்ந்தவர்களின் நினைவுநாள் படையை விட்டு விலகிய ஒரு வீரரின் திருநாளில் அமைந்ததை நான் ஒவ்வோராண்டும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 13

கொடி பற்றி நீளமாக எழுதியிருக்கிறீர்கள். பீடத்துக்கு அருகே தேசக்கொடி வைத்ததே உங்களுக்கு உறுத்தல். எனக்கும் உறுத்தும். ரெயில்டனின் கொடியை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். போர்முனையில் அதைப் பீடவிரிப்பாக விரித்து அவர் திருவிருந்து கொடுத்தார். பிறகு அதுவே பெயர் தெரியாத வீரரின் பெட்டியைப் போர்த்தியது. இன்றும் வெஸ்ட்மின்ஸ்டரில் தொங்குகிறது. அப்பமும் இரத்தமும் பட்டபின் ஒரு கொடி ஆலயத்துக்குள் வருவதற்கும், விழாக்குழு கடையில் வாங்கிவந்து நிறுத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சிலுவையிலும் இதே சிக்கல் உண்டு. பிரிட்டிஷ் போர்க் கல்லறைத் தோட்டங்களில் ரெஜினால்ட் புளோம்ஃபீல்ட் வடிவமைத்த கற்சிலுவையின்மேல் வெண்கல வாள் ஒன்று கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கிறது. கீழ்நோக்கியிருப்பது அடங்கிய வாள் என்பார்கள். சிலுவைமேல் வாள் என்றுதான் முதலில் கண்ணில் படுகிறது.

நவம்பர் 14

அதே கல்லறைகளைப் பற்றி ஒரு சகோதரி எழுப்பிய கேள்வி: எல்லாருக்கும் ஒரே மாதிரியான கல் ஏன்?

1917-இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணையம், தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று முடிவு செய்தது. உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோகவும் தடை. பணமுள்ளவர் கொண்டுபோவார், ஏழை கொண்டுபோக முடியாது என்பதே காரணம். கல்லின்மேல் அவரவர் சமயச் சின்னம் வெட்டலாம், குடும்பத்தார் 66 எழுத்துகளுக்குள் ஒரு வாசகம் தரலாம். கல்லே சிலுவை வடிவில் வேண்டும் என்று கேட்டு மனுக் கொடுத்தவர்களுக்கு முன்னின்றவர் எக்ஸெட்டர் ஆயரின் மனைவி ஃபுளோரன்ஸ் சிசில்; மூன்று மகன்களைப் போரில் இழந்தவர். அவருடைய மனுவை எளிதில் ஒதுக்க என்னால் முடியாது. ஆயினும் ஆணையத்தின் முடிவே யாக்கோபு 2-ஆம் அதிகாரத்துக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன்: பொன்மோதிரம் தரித்தவனுக்கு ஒரு இடம், கந்தையணிந்தவனுக்கு ஒரு இடம் என்பது கல்லறையிலாவது ஒழியட்டும்.

ஒழிந்ததா? 2021-இல் அந்த ஆணையமே வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப்போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களிலும் தொழிலாளரிலும் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவேயில்லை என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர், எகிப்தியர், கிழக்கு ஆப்பிரிக்கர் இதில் மிகுதி. சிலரை எண்ணிக்கையாக மட்டும் பதிந்தார்கள், சிலரை அப்படிக்கூடப் பதியவில்லை. தேவனுக்குத் தெரிந்தவர் என்ற வரியை உடல் அடையாளம் தெரியாதவருக்கு வெட்டுவது விசுவாசம். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சோம்பலுற்றவன் அதே வரியின் பின்னால் ஒளிந்துகொண்டால் அதை என்னவென்று சொல்வது?

நவம்பர் 18

தனிச்செய்தியில் வந்த ஒன்றை, அனுப்பியவரின் அனுமதியோடு, அடையாளம் இல்லாமல் இங்கே எடுக்கிறேன். போரிலிருந்து திரும்பிவந்து, சில ஆண்டுகளுக்குப்பின் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட ஒருவருடைய பெயரை அடுத்த ஆண்டுப் பட்டியலில் சேர்க்கலாமா என்று அவருடைய மனைவி கேட்கிறார். அவருடைய சபையில் மறுத்துவிட்டார்கள்.

முதல் உலகப்போரில் படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் தரப்பு 306 வீரர்களைத் தன் துப்பாக்கிகளாலேயே சுட்டுக்கொன்றது. பலர் வெடியோசையில் மனம் சிதைந்தவர்கள். ஊர் நினைவுக்கற்களில் அவர்களுடைய பெயர்கள் பலவற்றை வெட்டவில்லை. 2006-இல்தான் சட்டத்தின்மூலம் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அரசாங்கம் தொண்ணூறு ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடத்துக்குத் திருச்சபை முதல் ஞாயிறே வந்திருக்க வேண்டும்.

அம்மா, சேர்க்கலாம். சவுலும் தன் பட்டயத்தின்மேல் விழுந்தே இறந்தான் (1 சாமுவேல் 31:4). யாபேஸ் கீலேயாத்தின் பலசாலிகள் இராமுழுதும் நடந்துபோய்ப் பெத்சானின் மதிலிலிருந்து அவன் உடலை எடுத்துவந்து, எலும்புகளை அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசித்தார்கள். தாவீது அவர்களை ஆசீர்வதித்து ஆளனுப்பினான். இந்த இழையின் முதல் பதிலில் நான் காட்டிய புலம்பலும் அவனுக்கே பாடப்பட்டது. உங்கள் குருவானவரிடம் இந்த இரண்டு இடங்களையும் காட்டுங்கள். அப்போதும் மறுத்தால் எனக்கு எழுதுங்கள். எங்கள் சபையில் பெயர் வாசிப்பது நான்தான்.

நவம்பர் 20

அடுத்த ஆண்டுக்கு ஒழுங்குமுறை ஒன்று எழுதித் தரும்படி கேட்ட மூவருக்கும் சேர்த்து: பெயர்களை அகரவரிசையில் வாசியுங்கள், பதவியைச் சொல்லாதீர்கள். தாவீதின் புலம்பலை முழுவதும் வாசியுங்கள், விளக்கம் தேவையில்லை. எதிர்த்தரப்பில் இறந்தவர்களுக்காக ஒரு வாக்கியமாவது ஜெபத்தில் இருக்கட்டும். எழுந்து போகிறவர்கள் போகட்டும், திருவிருந்துக்குத் திரும்பிவிடுவார்கள். காணிக்கையை வீரர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள், நினைவுக்கல்லின் வர்ணப்பூச்சுக்கு வேறு நாளில் எடுத்துக்கொள்ளலாம். பிரசங்கியாருக்குப் பத்து நிமிடம். யோவான் 15:13 வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், இறந்தவர் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார் என்று முதலில் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.